வருஷம் திரும்பும் முன்

குகட்பள்ளி, ஹைதராபாத்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு ரமணி எழுதுவது.

நான், ஷ்யாம், அனுபமா மூவரும் இங்கே சௌக்கியம். திருச்சியில் வெயில் கொஞ்சமாவது தணிந்ததா? உங்கள் காது மெஷின் ஃபோனைக் கிட்டே கொண்டுபோனால் இன்னும் கூவுகிறதா? கூவினால் கூவட்டும். ஃபோனில் பேசினால் நீங்கள் பழையபடி கணக்கு டீச்சராகி என்னை நடுவிலேயே நிறுத்திவிடுவீர்கள். காகிதம் என்றால் கடைசி வரிவரை படித்துத்தானே ஆக வேண்டும்.

உங்கள் தம்பி போய் ஆறு மாதம் ஆகிறது. அவருடைய சட்டைகளை ஷ்யாம் யாருக்கோ கொடுத்துவிட்டான். மூக்குக் கண்ணாடியை மட்டும் நான் கொடுக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் நான் இமயமலைப் பக்கம் போகிறேன். பதற வேண்டாம், சிகரம் எதுவும் ஏறவில்லை. குமாவுன் மலையில் பழைய கல்வீட்டுக் கிராமங்கள் இருக்கின்றனவாம். சுவர் கல், கூரை கல், ஊருக்கு ஊர் போகிற பாதையும் கல் பாவியது. ஒரு ஊரில் தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு, மெதுவாக அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். நாலு நாள். குழந்தைகளும் வயசானவர்களும் நடக்கிற சுலபமான பாதை என்கிறார்கள்.

தொழிற்சாலையில் கொடுத்த காலண்டர் ஒன்றில் அந்த மாதிரி ஊர்ப் படம் இருந்தது. வருஷம் முடிந்த பிறகும் அந்தத் தாளைச் சமையலறையில் மாட்டி வைத்திருந்தேன். "இது எதுக்கு எண்ணெய்ப் பிசுக்கோட தொங்குது?" என்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள். லீவில் ஊர் சுற்றிவரக் கம்பெனி எல்.டி.சி. டிக்கெட் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் உங்கள் தம்பியிடம் கேட்பேன். "மலை எங்கயும் ஓடிப்போயிடாது ரமணி, அடுத்த தடவை பாப்போம்" என்பார். எல்லா எல்.டி.சி.யும் குலதெய்வம் கோயிலில் தொடங்கி உங்கள் வீட்டுக் கூடத்தில் முடிந்தது. மலை ஓடவில்லை. அவர்தான் போய்விட்டார்.

எங்கள் மூன்றாவது மாடி ஃபாத்திமாவை உங்களுக்குத் தெரியும். வாணியம்பாடிக்காரி. அவள் கணவரும் உங்கள் தம்பியும் ராமச்சந்திராபுரத்துக்கு ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வந்தவர்கள். அவளும், காலனிப் பூங்காவில் காலையில் நடக்கிற இன்னும் சில பெண்களும்தான் துணை. டிசம்பரில் அவள் வாணியம்பாடிக்கே குடிபோகிறாள். அவள் இல்லாமல் எனக்குத் தனியாகப் போகத் தெரியாது.

அனுமதி கேட்டு எழுதவில்லை அக்கா. வேறு யாரோ சொல்லி உங்கள் காதில் விழுவதைவிட நானே சொல்வது மரியாதை என்று எழுதுகிறேன். கோங்குரா ஊறுகாய் கூரியரில் தனியாக வருகிறது. என் மேல் கோபம் வந்தாலும் அதைத் தள்ளிவிடாமல் சாப்பிடவும்.

உங்கள் அன்பு ரமணி


திருச்சி
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ரமணிக்கு ஆசீர்வாதம்.

ஊறுகாய் வந்தது. உப்பு ஒரு கல் தூக்கல். மூட்டு வலி அதே இடத்தில் இருக்கிறது, மெஷினும் அதே மாதிரி கூவுகிறது. நீ பி.பி. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தம்பி மாசியில் போனான். மாசியில்தான் வருஷம் திரும்பும். வருஷம் திரும்பும்வரை சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் மலை ஏறக் கூடாது. இது உனக்குத் தெரியாததில்லை. நம் வீட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததுகூட இல்லை, அப்படியே இருந்தோம். கடற்கரைக்குப் போகிறேன், காட்டுக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். ஊரில் இல்லாத இடமாகத் தேடி மலைக்கா போக வேண்டும்?

சுலபமான பாதை என்கிறாய். சுலபமோ கஷ்டமோ, மலை மலைதான். மாசிக்குப் பிறகு போ, நானே வழியனுப்பி வைக்கிறேன்.

ஷ்யாமையும் அனுபமாவையும் விசாரித்ததாகச் சொல்.

ஆசிகளுடன்
ப்ரியம்வதா


குகட்பள்ளி
22 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பி.பி. மாத்திரை போடுகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று ஒன்று கூடப் போட வேண்டியிருந்தது. மற்றபடி நலம்.

அக்கா, ஜூன் மாதம் ஷ்யாம் ஆபீஸ் கூட்டத்துக்காக அரக்கு போனான். அரக்கு மலை இல்லையா? ரயில் சுரங்கத்துக்குள் புகுந்து புகுந்து மேலே ஏறுகிற இடம். அங்கே நெருப்பு மூட்டி அதைச் சுற்றி எல்லோரும் ஆடின வீடியோவை எனக்கு அனுப்பினான். உங்கள் தம்பிக்குக் கொள்ளி வைத்தவன் அவன். அவன் போனது உங்களுக்கும் தெரியும், அப்போது நீங்கள் எழுதின கடிதத்தில், "பையன் சளி பிடிக்காமல் வரட்டும்" என்றுதான் இருந்தது. கொள்ளி வைத்தவன் மலையில் டான்ஸ் ஆடினால் சளி பிடிக்கும். நான் மெதுவாக நடந்தால் குடும்பத்துக்கு ஆகாதா?

ஃபாத்திமாவின் கணவர் தவறியபோது அவர்கள் வழக்கப்படி அவளுக்குத் துக்கம் நாலு மாதம் பத்து நாள். அத்தனை நாளும் வீட்டோடு இருந்தாள். முடிந்த மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு உழவர் சந்தைக்குப் போனாள். "உங்களுக்கு மட்டும் கைக்கு வருஷம் பூரா? யாரு போட்ட கணக்கு இது?" என்று கேட்கிறாள். (கைக்கு என்றால் இந்த ஊர்ப் பேச்சில் எதற்கு.) கணக்கு டீச்சர் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாசிக்குப் பிறகு போ என்கிறீர்கள். உங்கள் தம்பியும் பிறகு பிறகு என்றே சொன்னார். அவர் இருந்தபோது அவருக்காகக் காத்திருந்தேன், போன பிறகும் அவருக்காகவே காத்திருக்கச் சொல்கிறீர்கள். எனக்கு அறுபத்திரண்டு ஆகிறது. காத்திருந்து அலுத்துவிட்டது.

ஷ்யாம், "அத்தை ஓகே சொல்லட்டும்மா, நானே ஏர்போர்ட்ல கொண்டுவந்து விடறேன்" என்று நழுவுகிறான். அனுபமா மட்டும் தெலுங்கில், "அத்தையா, மீரு வெள்ளண்டி" என்றாள், நீங்கள் கிளம்புங்கள் என்று. மருமகள் மாமியாரை வீட்டைவிட்டுக் கிளம்பு என்று சொல்வதில் சந்தோஷப்பட்ட முதல் மாமியார் நானாகத்தான் இருப்பேன்.

மூட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊறுகாயில் உப்பைக் குறைக்கிறேன்.

ரமணி


திருச்சி
10 செப்டம்பர் 2024

ரமணிக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

உடனே பதில் எழுதினால் கோபத்தில் ஏதாவது எழுதிவிடுவேன் என்று நாள் கடத்தினேன். கடத்தியும் கோபம் குறையவில்லை.

ஷ்யாம் போனது வேலைக்காக. சம்பளம் கொடுப்பவன் கூப்பிட்டால் போக வேண்டியதுதான். உன்னை யார் கூப்பிட்டார்கள்? ஃபாத்திமா நல்லவள், அவள் வழக்கம் அவளுக்கு. நாம் அதில் பாதி இதில் பாதி எடுத்துக்கொள்ள முடியாது.

எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் போனால் மலைக்கோட்டை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். இந்தத் தெருவுக்கு வாழ வந்த பிறகு கல்யாணமான புதிதில் ஏறியிருக்கிறேன். எனக்கு முப்பத்தொன்று ஆகும்போது அவர் போனார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட ஏறியதில்லை. தெருவில் எல்லோரும் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். நான் மாடியில் துணி உலர்த்துகிறேன். எனக்கு என்ன குறைந்துவிட்டது?

கடைசியாக ஒன்று. தம்பி சாம்பசிவத்துக்கு அப்பா அம்மா இல்லை, பிறந்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். நீ இந்த வருஷத்துக்குள் மலை ஏறினால் மாசியில் அவன் வருஷத் திதிக்கு நான் வர மாட்டேன். என் தம்பியை நான் இங்கேயே நினைத்துக்கொள்வேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தாலும் சரி.

ப்ரியம்வதா


குகட்பள்ளி
18 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுத்தான் பிள்ளையாரைக் கரைத்தார்கள். காலனி முழுக்க மேளம், காது இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் நலமா?

இந்தத் தடவை உங்கள் கடிதத்தில் ஆசீர்வாதம் என்ற சொல் இல்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. தேடிப் பார்த்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டு எழுந்து டிக்கெட்டுக்குப் பணம் கட்டினேன். டெல்லிவரை விமானம், அங்கிருந்து காத்கோதாமுக்கு ரயில், பிறகு ஜீப், பிறகு என் கால்.

திதிக்கு நீங்கள் வராவிட்டால் எனக்குப் பெரிய நஷ்டம். அவர் சின்ன வயசுக் கதையைச் சொல்ல வேறு ஆளே இல்லை. ஷ்யாமுக்கு அப்பா என்றால் யூனிஃபாரமும் டிபன் கேரியரும்தான். இது தெரிந்துதான் போகிறேன். தெரியாமல் போகிறேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

அமீர்பேட் மெட்ரோ ஸ்டேஷனில் படி ஏறி இறங்கிப் பழகுகிறோம். எஸ்கலேட்டர் சும்மா ஓடிக்கொண்டிருக்க, இரண்டு கிழவிகள் படியில் மூச்சு வாங்குவதைப் பார்த்துக் கோச்சிங் கிளாஸ் பிள்ளைகள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். காவலுக்கு நிற்கிறவன் இந்தியில் "கைக்கு அம்மா, கால் போயிடும்" என்றான். "ஹவ், போகத்தான் கால்" என்று ஃபாத்திமா சொன்னாள், ஹவ் என்றால் ஆமாம். அனுபமா எனக்கு ஒரு ஷூ வாங்கிக்கொடுத்திருக்கிறாள். சாம்பல் நிறம், அடியில் பல் பல்லாக இருக்கிறது. வாழ்க்கையில் முதல் ஷூ. புடவைக்குக் கீழே போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன், தபால்காரர் மாதிரி இருந்தேன்.

ஒன்று கேட்கிறேன். வருஷம் என்பது ஒரு வருஷம்தானே? உங்கள் வீட்டு அண்ணன் போய் ஒரு வருஷம் முடிந்ததும் நீங்கள் மலைக்கோட்டை ஏறியிருக்கலாமே. ஏன் ஏறவில்லை?

உங்கள் ரமணி


குமாவுன் மலை, மேல் ஊர்
13 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டதற்கு நீங்கள் பதில் போடவில்லை. மூன்று வாரமாகத் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். ஷ்யாம் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை, ஆபீஸ் வேலையாம். அனுபமா கொண்டுவந்து விட்டாள்.

கல் பாவிய முற்றத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை வெயில் இப்போதுதான் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு வீடுகள். பலகை பலகையாக உரித்தெடுத்த கல்லைக் கூரைக்குப் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் மஞ்சள் பூசணியும் சோளக் கதிரும் காய்கின்றன. கதவுகள் குட்டை, குனியாமல் போனால் நெற்றியில் ஒன்று கிடைக்கும், எனக்குக் கிடைத்தது. பாதி வீடுகள் பூட்டியிருக்கின்றன, பிள்ளைகள் எல்லாம் டெல்லிக்குப் போய்விட்டார்களாம். வாசலில் கேழ்வரகு காய்கிறது, நம் கேழ்வரகேதான். ராத்திரி அதில்தான் ரொட்டி, நெய் விட்டு. என் ஹைதராபாத் இந்தியைக் கேட்டு வீடே சிரிக்கிறது. போதும் என்று சொல்ல நான் "நக்கோ" என்றால் புரியாமல் இன்னொரு ரொட்டி போடுகிறார்கள்.

காலண்டர் படத்தில் ஆட்கள் இல்லை. இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அதை நான் யோசித்தே பார்த்ததில்லை.

நேற்று நடக்கும்போது எதிரே ஒரு அம்மாள் வந்தார். தலையில் அவரைவிடப் பெரிய புல்கட்டு. எங்களுக்கு வழிகாட்டும் பெண் பிந்து அவரோடு பேசிவிட்டு, "இவங்க வீட்டுக்காரர் மழைக்காலத்துல தவறிட்டாரு" என்று இந்தியில் சொன்னாள். மூன்று மாதம்கூட ஆகவில்லை. நான் உடனே கேட்டேன், "ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாதுன்னு இங்க கிடையாதா?" பிந்துவுக்குக் கேள்வியே புரியவில்லை. திரும்பத் திரும்பச் சொன்ன பிறகு அந்த அம்மாளிடம் கேட்டாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாடு புல்லுக்கு எங்கே போகும்?" என்றார்.

அக்கா, இவர்கள் பிறப்பது மலையில், சாவதும் மலையில். இங்கே ஒரு வீட்டில் சாவு விழுந்தால் இவர்கள் எங்கே போய் மலை ஏறாமல் இருப்பார்கள்? நம் ஊர் தரையாக இருப்பதால் நமக்கு ஒரு மலை தள்ளி வைக்கக் கிடைத்தது, அவ்வளவுதான். இது நான் சண்டைக்குச் சொல்வதில்லை. சண்டைக்கும்தான்.

அவர் இருந்திருந்தால் மூட்டு வலிக்கிறது என்று முதல் ஏற்றத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆனாலும் இருந்திருக்கலாம்.

இன்று அடுத்த ஊர். போகிற வழியில் தபாலாபீஸ் இருக்கிறதாம், இதை அங்கே போடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரமணி


குகட்பள்ளி
28 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாகத் திரும்பிவிட்டேன். நாலு ஊரும் நடந்தேன். எல்லாம் நன்றாக இருந்தது.

மேஜை ஆடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். விரிவாகப் பிறகு எழுதுகிறேன். இந்த வருஷம் நமக்குத் தீபாவளி இல்லை, ஆனாலும் நீங்கள் ஒரு வாய் இனிப்பு சாப்பிடுங்கள்.

ரமணி


திருச்சி
9 நவம்பர் 2024

அன்புள்ள ரமணிக்கு,

எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவள் நான். மேஜை ஆடினால் எழுத்து எப்படி வரும், இடது கையால் எழுதினால் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். உன் வலது கைக்கு என்ன ஆயிற்று?

அதை நீ சொல்வதற்கு முன் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் நீ கேட்டதற்குப் பதில்.

அவர் போய் ஒரு வருஷம் முடிவதற்குள் மாமனார் போனார். அவருக்கு ஒரு வருஷம். அதற்குள் எங்கள் அம்மா. பிறகு சித்தப்பா, மாமியார், ஓரகத்தி. ஒன்றன் முடிவில் ஒன்று. பிறந்த வீட்டுச் சாவுக்குக் கல்யாணமான பெண்ணுக்குத் தீட்டு மூன்று நாள்தான். நான் வருஷம் பூராவும் பிடித்தேன். யாரும் பிடிக்கச் சொல்லவில்லை. யாரும் போதும் என்றும் சொல்லவில்லை. சாவே இல்லாத வருஷங்களும் நடுவில் வந்தன. அப்போது ஏறினால், இவளுக்கு இப்போது என்ன வந்தது என்று தெரு கேட்குமோ என்று நினைத்தேன். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு இது. கூட்டிக்கொண்டே போனேன், எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

நீ மலையிலிருந்து போட்ட கடிதம் வந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் இல்லை. உனக்கு ஒன்றுமே ஆகாமல் நீ சிரித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டால், நான் இத்தனை வருஷம் மாடியில் நின்றது எதற்கு என்று ஆகிவிடுமே என்ற பயம். இப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்ததே என்று வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் பதில் எழுதவில்லை.

இப்போது உன் கையைப் பற்றி எழுது. பொய் எழுதாதே.

ஆசிகளுடன்
ப்ரியம்வதா


குகட்பள்ளி
20 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஃபாத்திமாவிடம் சொல்லி எழுத வைக்கிறேன். ஆசிகளுடன் என்று போட்டிருந்தீர்கள், அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. உங்களுக்குக் கடிதம் எழுதினேனே, அதே காலை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, ஃபாத்திமா படம் எடுக்கிறாள் என்று ஷூ தெரிகிற மாதிரி புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு நின்றேன். பின்னால் ஓரடி வைத்தேன். பனி ஈரத்தில் கல் வழுக்கிவிட்டது. ஏற்றத்தில் விழவில்லை அக்கா, இறக்கத்திலும் இல்லை. முற்றத்தில், சமதரையில் விழுந்தேன். குகட்பள்ளிக் குளியலறையில் விழ வேண்டியதை அவ்வளவு தூரம் போய் விழுந்திருக்கிறேன்.

விழுந்தவுடன் எனக்கு வலி தோன்றவில்லை. அக்கா சொன்னார்களே என்றுதான் தோன்றியது. வருஷம் திரும்பவில்லை, அதுதான் பிடித்துத் தள்ளிவிட்டது என்று நிச்சயமாக நினைத்தேன். குழந்தை மாதிரி அழுதேன். பிந்து இரண்டு மரத்துண்டு வைத்துத் துணியால் கட்டினாள். கீழ் ஊரில் இருந்த கம்பவுண்டர் பார்த்துவிட்டு, எலும்பு விட்டிருக்கிறது, ஆனால் விலகவில்லை, ஜீப்பில் இறங்கிப் போய்விடுங்கள் என்றார். ஜீப் ரோடு பக்கத்திலேயே இருந்தது. ஜீப்பும் வந்து நின்றது.

நான் ஏறவில்லை. (நான் சொன்னேன் போ என்று. "நக்கோ" என்றாள். அவள் சொன்னதில் அதுதான் எல்லாருக்கும் புரிந்த முதல் நக்கோ. இப்படிக்கு ஃபாத்திமா.)

அக்கா, அந்த ஜீப்பில் ஏறியிருந்தால் நான் போனதும் தப்பு, விழுந்தது தண்டனை, திரும்பியது பிராயச்சித்தம் என்று ஆகியிருக்கும். எனக்கே அப்படி ஆகியிருக்கும், பிறர் சொல்ல வேண்டியதில்லை. பயம் போகவில்லை. பயத்தோடுதான் நடந்தேன். கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, வலிக்கும்போதெல்லாம் மலையையும் உங்களையும் உங்கள் தம்பியையும் மனதாரத் திட்டிக்கொண்டே மிச்ச ஊர்களையும் நடந்து முடித்தேன். கடைசி ஊரில் பூட்டிக்கிடந்த ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அவரை நினைத்துக்கொண்டேன். அவருக்கு வருத்தம் இருந்தால் அது நான் நடந்தது பற்றி இருக்காது, படத்துக்கு நின்றது பற்றித்தான் இருக்கும்.

நான் சொன்னேனே என்று நீங்கள் சொல்லலாம். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. அதை உங்களிடமிருந்து கேட்கப் பிடிக்காமல்தான் மேஜை மேல் பழி போட்டேன். ஆனால் கையே உடைந்த பிறகும் நான் போனது தப்பு என்று சொல்ல மாட்டேன். மாசியில் திதிக்கு நீங்கள் வந்தால் வாருங்கள். வராவிட்டால் உங்கள் தம்பிக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கட்டு பிரிக்க இன்னும் சில நாள் இருக்கிறது. மூட்டு எப்படி இருக்கிறது?

ரமணி


திருச்சி
16 டிசம்பர் 2024

அன்புள்ள ரமணிக்கு அநேக ஆசீர்வாதம்.

கட்டு பிரித்தாயிற்றா? பிரித்தவுடன் வெந்நீரில் கையை வைத்து விரலை மடக்கி நீட்டு. சோம்பலாக இருந்தால் விரல் அப்படியே நின்றுவிடும். ஃபாத்திமா வாணியம்பாடிக்குக் கிளம்பிவிட்டாளா? அவள் எழுத்து உன்னுடையதைவிட அழகாக இருக்கிறது என்று சொல்.

திதிக்கு முதல் நாளே வந்துவிடுவேன். ஷ்யாமை ஸ்டேஷனுக்கு வரச் சொல். ஆபீஸ் வேலை இருந்தால் அனுபமா வரட்டும், அவள்தான் சரியான ஆள்.

இதோடு ஒரு காகிதம் மடித்து வைத்திருக்கிறேன். என் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தது. இடது கால் சற்றுப் பெரிது, அதற்குத் தகுந்த மாதிரி பார்க்கச் சொல். அனுபமா உனக்கு வாங்கின கடையிலேயே வாங்கட்டும். சாம்பல் நிறம் வேண்டாம், உன்னைப் போல நானும் தபால்காரராக வேண்டியதில்லை. எதற்கு என்று கேட்காதே, மூட்டு விட்டுக்கொடுத்தால் சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சொன்னேனே என்று சொல்லத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. ஒன்றும் ஆகாமல் நீ திரும்பி வந்திருந்தால் அதிர்ஷ்டக்காரி என்று விட்டிருப்பேன். என் வழி எனக்கு, அவள் அதிர்ஷ்டம் அவளுக்கு என்று மாடிக்குப் போயிருப்பேன். ஆனால் நான் பயந்ததெல்லாம் உனக்கு நடந்தது. நடந்த பிறகும் நீ ஜீப்பில் ஏறவில்லை. மூன்று நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன், ரமணி.

கார்த்திகை தீபத்தன்று மாடியிலிருந்து உச்சியில் எரிகிற விளக்கைப் பார்த்தேன். மறுநாள் காலையில் குளித்துவிட்டு, பழைய புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, தெரு முனைவரை நடந்தேன். அங்கிருந்து திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். மலையடிவாசலில் செருப்பை விட்டேன். இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் மாசி வந்துவிடும், தம்பியின் வருஷமும் முடிந்துவிடும், யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. அதை யோசித்துக்கொண்டே நின்றேன். அப்படிப் பொறுத்துப் பொறுத்துத்தான் நான் எழுபது வயதுக்கு வந்தேன் என்றும் யோசித்தேன்.

ஏறினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நாலு படிக்கு ஒரு தடவை நின்று, மூச்சு வாங்கி ஏறினேன். உன்னைப் போலவே பயம் இருந்தது. கல்லெல்லாம் கால் பட்டுத் தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. கல்யாணமான புதிதில் ஏறினபோது இது எதையும் நான் பார்க்கவில்லை.

பாதிக்கு மேல் போனபோது எங்கள் தெரு அம்மணி இறங்கி வந்தாள். என்னைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டாள். எனக்குக் கேட்காதோ என்று நினைத்து, மேலே போகிறவர் கீழே வருகிறவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டாள்: "டீச்சர், தம்பி போயி இன்னும் வருஷம் ஆகலையே?"

மெஷின் அன்றைக்குப் பார்த்து நன்றாகவே கேட்டது.

"ஆகலை" என்றேன். அவளைத் தாண்டி அடுத்த படியில் காலை வைத்தேன்.

உன் அக்கா
ப்ரியம்வதா